கருக்கம்பட்டி ஸ்கோப்

வரிசையாகச் சொல்கிறேன் தோழர், குறுக்கே பேசாதீர்கள். தலைமைச் சங்கம் உங்களைப் பார்வையாளராக அனுப்பியிருக்கிறது. பார்வையாளர் என்றால் பார்க்க வேண்டியவர். சங்கு ஊதி ஷிஃப்ட் ஆட்கள் கேட்டுக்கு வரும்வரை நேரம் இருக்கிறது. அந்த ஸ்டூலில் உட்காருங்கள். ஒரு கால் ஆடும். எங்களுக்குப் பழகிவிட்டது.

முதல் அநீதி, நிலம். இந்த ஆலை நிற்கிற இடம் முழுக்க எங்கள் ஊர்க் கேழ்வரகுக் கொல்லை. வீட்டுக்கு ஒரு வேலை தருகிறோம் என்று சொல்லி வாங்கினார்கள். தந்தது என்ன வேலை? கேட்டில் காவல், தோட்டத்துக்குத் தண்ணீர், கக்கூஸ் கழுவுவது. லென்ஸ் தேய்க்கிற அறைக்குள் எங்கள் ஆள் கால் வைப்பதற்கே ஒரு மறியல் தேவைப்பட்டது. அதற்குத் துண்டறிக்கை எழுதியவன் இந்த மணவழகன். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாதவன். நான் படித்ததெல்லாம் துண்டறிக்கையில்தான். பஸ் ஸ்டாண்டில் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்து நாலு தரம் படிப்பேன். உங்களைப் போல கல்லூரியில் வாங்கிய தொழிற்சங்க அறிவு என்னிடம் கிடையாது.

இரண்டாவது அநீதி, கேன்டீன். அதிகாரிக்கு ஃபேன் போட்ட அறை, பீங்கான் தட்டு. எங்களுக்குத் தகரக் கொட்டகை, நெளிந்த அலுமினியத் தட்டு. ஒருநாள் என் அலுமினியத் தட்டோடு போய்ப் பொது மேலாளர் எதிரில் உட்கார்ந்தேன். "சாம்பார் ஊத்துங்கய்யா" என்றேன். அவர் எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஆலையில் ஒரே கேன்டீன்.

மூன்றாவது அநீதி, கிளிக் ஸ்பேனர். இதைக் கவனமாகக் கேளுங்கள், தலைமைச் சங்கத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எங்கள் ஆலையின் சரக்கு, துப்பாக்கியில் வைக்கிற ஸ்கோப். தூரத்தில் நிற்பதைக் கிட்டத்தில் காட்டும் குழாய். அதைத் துப்பாக்கியின் முதுகில் இருத்தி வைக்க ஒரு பிடி, குழாயைப் பிடியில் இறுக்க நான்கு திருகு. அந்தத் திருகை முடுக்க நிர்வாகம் ஒரு ஸ்பேனர் கொண்டுவந்தது. இவ்வளவு இறுக்கம் என்று முதலிலேயே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் போட்டு நிறுத்திக்கொள்ளும். நல்ல கருவிதானே என்பீர்கள். ஒவ்வொரு கிளிக்கும் மேற்பார்வையாளர் அறையில் இருக்கிற பெட்டியில் எண்ணாக ஏறும் தோழர்! எவன் எத்தனை திருகு முடுக்கினான், எவன் எப்போது ஒன்றுக்குப் போனான், எல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியும். துண்டறிக்கைக்கு 'மணிக்கட்டில் விலங்கு' என்று தலைப்பு வைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம். வீடுகளில் கஞ்சிக்கு உப்பில்லை. கடைசியில் பணிந்தார்கள். ஸ்பேனர்கள் அத்தனையையும் சாக்கில் கட்டி எதிர்க் கிணற்றில் போட்டோம். முதல் சாக்கைத் தூக்கியவன் நான். அன்றிலிருந்து இன்றுவரை கருக்கம்பட்டியில் திருகை முடுக்குவது மனிதனின் கை. என் வாழ்க்கையில் ஒரே ஒரு வெற்றியைச் சொல் என்றால் அதைத்தான் சொல்வேன்.

நான்காவது அநீதி, கண்ணாடி. லென்ஸை நாங்களே தேய்த்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து தேய்த்த கண்ணாடியே வருகிறது, மலிவு என்றார்கள். தேய்ப்புப் பிரிவில் பாதிப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். அதில் மட்டும் தோற்றோம். ஏன் தோற்றோம் என்றால் அப்போது தலைமைச் சங்கம் ஒரு தந்திகூட அனுப்பவில்லை. நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள், விடுங்கள்.

ஐந்தாவது அநீதியை இன்றைக்குக் கேட்டில் தீர்க்கப் போகிறோம். அதைச் செய்தவள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். என் மகள். ஒரே மகள். ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? தீர்மானத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். சங்கத்திலிருந்து நீக்கினால் அவளோடு யாரும் சேர்ந்து வேலை செய்ய மாட்டார்கள், கேன்டீனில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், ஒரு மாதத்தில் தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். தெரிந்துதான் கொண்டுவந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். காட்டுக்குள் போகிற சிறப்புக் காவல் படைக்குப் புது ஸ்கோப் வாங்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் ஆலைக்கு அது கிடைத்தால் ஒப்பந்தத் தொழிலாளர் அத்தனை பேரும் நிரந்தரம். பொது மேலாளர் என்னிடம் வாயால் சொன்னது அது. மலையடிவாரத்தில் படையின் சுடுதளத்தில் ஒப்பீடு. போட்டிக்கு மூன்று. வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கு இரண்டு, எங்களுடையது ஒன்று. ஒவ்வொரு தரப்பும் தன் சோதனையாளரைக் கூட்டி வரலாம், அவரே ஸ்கோப்பைப் பொருத்தித் தர வேண்டும் என்பது அவர்கள் விதி. எங்கள் தரப்பில் மகள் போனாள். தொழிலாளர் பிரதிநிதியாக நானும் போனேன். யாரும் அழைக்கவில்லை. நான் என்றைக்கு அழைப்புக்குக் காத்திருந்தேன்?

போவதற்கு முன்பே மூன்றையும் ஒப்பிட்டுத் துண்டறிக்கை போட்டுவிட்டேன். 'நம் வீரனின் கண் யாருடையது?' ஊர் முழுக்க ஒட்டினோம்.

மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்தார்கள். முதலாவது சிவப்புப் புள்ளி. பார்த்தால் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி, உள்ளே ஒரு சிவப்புப் பொட்டு. எதையும் பெரிதாக்கிக் காட்டாது. சுட்டுப் பார்த்தவர் மாசிலாமணி என்று ஒரு ஏட்டு. கறுத்து ஒடிசலான ஆள், பேச்சில் மரியாதை குறைவு.

"இது சொகுசுங்க. ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுக்கலாம். பொட்டை அவன் நெஞ்சுல வை, விரலை அமுக்கு, சோலி முடிஞ்சுது" என்றார்.

"பேட்டரி தீர்ந்தால்?" என்று நான் கேட்டேன்.

"மாத்திக்கணும்."

"காட்டுக்குள் பெட்டிக்கடை இருக்கிறதா ஏட்டய்யா?"

நாலைந்து காவலர்கள் சிரித்தார்கள். பரிசோதனைக்குப் பொறுப்பான டி.எஸ்.பி. வில்லவராயன் சிரிக்கவில்லை. "செயலாளர் சார், இது பொதுக்கூட்டம் இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். சிவப்புப் புள்ளிக் கம்பெனியின் சென்னை ஆள், கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "ஒரு பேட்டரி வருஷக்கணக்குல வரும் சார்" என்று முனகினான். வெளிநாட்டு முதலாளியின் உள்நாட்டு வாய்.

இரண்டாவது நீளக் குழாய். ஒரு வளையத்தைத் திருகினால் கிட்டத்துக்கு வெறுங்கண் மாதிரி, திரும்பத் திருகினால் ஆறு மடங்கு பெரிதாகும். மாசிலாமணி அதைத் தூக்கிப் பார்த்து, "இது மாமியார் வீட்டுச் சீர் மாதிரி. எல்லாம் இருக்கு, தூக்கிட்டு மலை ஏறத்தான் முடியாது" என்றார். கிட்டத்தில் ஒரு பலகை சட்டென்று எழும்பியபோது வளையம் ஆறில் நின்றிருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது பலகையில் இருந்த ஆணி மட்டும். அது அன்றைக்கே போட்டியை விட்டு விழுந்தது.

மூன்றாவது நம்முடையது. நான்கு மடங்கு. கோடுகள் கண்ணாடியிலேயே செதுக்கியவை. பேட்டரி வேண்டாம், வளையம் வேண்டாம். முந்நூறு மீட்டர் தாளில் மாசிலாமணி சுட்ட குண்டுகளை ஒரு உள்ளங்கையால் மூடலாம். சிவப்புப் புள்ளியில் சுட்டது ஒரு தாம்பாளத்துக்குச் சிதறியிருந்தது. "தூரத்துக்கு இதுதான் ராசா" என்று அவரே சொன்னார். கிட்டத்தில் கொஞ்சம் தாமதம் என்றார், கண்ணைக் கண்ணாடிக்கு ரொம்ப நெருக்கி வைக்க வேண்டியிருக்கிறது, புருவத்தில் இடிக்கிறது என்றார். புருவம்! எங்கள் பெண்கள் கண்ணாடித் தூளில் விரலைத் தேய்த்துக்கொண்டு செய்த சரக்கு, இவர் புருவத்துக்கு வலிக்கிறதாம்.

அப்புறம் தண்ணீர். குழாய் வைத்து மீதி இரண்டின் மேலும் பீய்ச்சினார்கள். சிவப்புப் புள்ளியின் ஜன்னலில் துளி நின்று, ஒரு பொட்டு ஒன்பது பொட்டாகத் தெரிந்தது. நம்முடையதில் உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை, ஆவி இல்லை. நான் கை தட்டினேன். டி.எஸ்.பி.யே நம் ஸ்கோப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் தோழர்! அந்த நிமிடத்தில் ஜெயித்தாகிவிட்டது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்கோப்பைப் பிடியோடு கழற்றிப் பையில் போட்டு, மேட்டில் ஏறி இறங்கி, திரும்பப் பொருத்திச் சுட வேண்டும். முன்பு பட்ட இடத்திலேயே பட வேண்டும். சிவப்புப் புள்ளி பட்ட இடத்தில் பட்டது. நம்முடையது நூறு மீட்டரில் ஒரு சாண் தள்ளிப் பட்டது. காற்று என்றேன். கொடி அசையாமல் தொங்குகிறது என்றார்கள். மேஜை ஆடுகிறது என்றேன். மாசிலாமணி மேஜை மேல் ஏறி உட்கார்ந்து காட்டினார், அயோக்கியன். மறுபடி கழற்றிப் பொருத்தினார்கள். இந்த முறை மறு பக்கம் ஒரு சாண்.

மகள் எழுந்து போனாள். நாங்கள் கொண்டுபோன பெட்டியிலிருந்து மீதி ஸ்கோப்புகளையும் எடுத்து, பிடித் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். அப்புறம் அந்தச் சென்னை ஆளிடம், எதிரியிடம், நேராகப் போய், "உங்க ஸ்பேனரைக் கொஞ்சம் தர்றீங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

அண்ணா!

அவன் பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். கிளிக் ஸ்பேனர். எந்தக் கருவியை எதிர்த்து இவளுடைய அம்மா இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் பட்டினி கிடந்தாளோ, அதே கருவி. என் கண் முன்னால், போலீஸ்காரர்கள் முன்னால், என் மகள் கையில் அது கிளிக், கிளிக் என்று சத்தம் போடுகிறது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

அப்படி முடுக்கிக் கொடுத்ததை வைத்துச் சுட்டார்கள். கழற்றிப் பொருத்திச் சுட்டார்கள். பட்ட இடத்திலேயே பட்டது. திரும்பவும் பட்டது.

இதைத்தான் நான் கேட்கிறேன் தோழர். அங்கேயே வாயை மூடியிருக்கலாம் அல்லவா? "முதலில் நான் பொருத்தியது சரியில்லை, இப்போது சரி" என்று ஒரு வரி. போதும். டி.எஸ்.பி. அதைத்தான் எதிர்பார்த்தார். அவரே எடுத்துக் கொடுத்தார்: "என்னம்மா, இப்ப நிக்குது. என் பசங்க கையில இதைக் குடுக்கலாமா?"

ஆமாம் சொல் என்று நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இப்ப வேணாம் சார்" என்றாள். "இந்த ஒண்ணு நிக்குது. பெட்டியில இருக்கிற ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இறுக்கம். ஆலையில இருக்கிற அத்தனையும் அப்படித்தான். எல்லாத்தையும் கழட்டி, அளந்து முடுக்கி, திரும்பச் சுட்டுப் பாக்கணும். மழைக்காலம் முடியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்."

"மழைக்கு முன்னால எனக்கு வேணுமே."

"அப்படின்னா அதையே எடுத்துக்குங்க சார்" என்று சிவப்புப் புள்ளியைக் காட்டினாள்.

காட்டினாள். விரலை நீட்டிக் காட்டினாள். அந்த மாசிலாமணி அவளுக்கு எழுந்து நின்று சல்யூட் வைத்தான். எதிரி சல்யூட் வைத்தால் நாம் என்ன செய்துவிட்டோம் என்று யோசிக்க வேண்டாமா?

எனக்கு எல்லாம் அப்போதே விளங்கிவிட்டது. அந்தச் சென்னை ஆள் ஸ்பேனரை ஏன் பையிலேயே வைத்திருந்தான்? கழற்றி மாட்டும் சோதனையைக் கடைசியில் ஏன் வைத்தார்கள்? நாம் கிணற்றில் போட்டதை நம் பிள்ளை கையாலேயே எடுக்க வைக்க வேண்டும் என்று எவ்வளவு நாள் திட்டம் போட்டார்களோ! 'கிளிக் சதி' என்று அடுத்த துண்டறிக்கை தயார். அச்சில் இருக்கிறது. நம் தொழிலாளியின் கை தப்பு செய்யாது தோழர். கையைக் குற்றம் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் முதலாளியின் ஆள்.

ஆர்டர் கை நழுவிப் போயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் என் வாசலில் வந்து நின்று, "உன் பொண்ணு வாயில மண்ணு விழ" என்று தூற்றினார்கள். நான் கதவைச் சாத்தவில்லை. நின்று கேட்டேன். அவளும் என் பக்கத்தில் நின்று கேட்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது ஒரு வழி சொன்னேன். நான் கல்நெஞ்சன் இல்லை. "கொடிக் கம்பத்துக்குக் கீழே நின்று, நிர்வாகம் மிரட்டியதால் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடு. தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்றேன்.

"யாரும் மிரட்டலைப்பா. சுட்டுப் பாத்துச் சொன்னேன்."

"நூறு குடும்பம் தெருவில் நிற்கிறது."

"தெரியுதுப்பா. அந்தப் பசங்க குறி பாத்துச் சுட்டு, குண்டு ஒரு சாண் தள்ளிப் போனா, எதிர்ல நிக்கிறவன் தள்ளிச் சுடுவானா? அவங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?"

"போலீஸ்காரனுக்கு அழுகிறாயா? தடியடியில் என் தோள் இறங்கியது உனக்கு மறந்துவிட்டதா?"

அவள் என் தட்டில் ரசம் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, சாதாரணமாக, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்: "எண்ணுற பெட்டியைத்தானப்பா எதிர்த்தீங்க? பெட்டியை ஒடைச்சிருக்கலாம். ஸ்பேனரை ஏன் கிணத்துல போட்டீங்க?"

மகள் கேட்க வேண்டிய கேள்வியா இது? வரலாறு தெரியாத கேள்வி. பட்டினி கிடந்தவர்கள் முகத்தில் துப்புகிற கேள்வி. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு நூறு பதில் இருக்கிறது என்னிடம். உங்களுக்கு எதற்கு?

அவளைச் சோதனைப் பிரிவில் உட்கார வைக்க நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா? "பொம்பளை துப்பாக்கி சுடுறதா?" என்று மேலாளர் சிரித்தார். அவர் காருக்கு முன்னால் படுத்தேன். இந்த மாநிலத்தில் ஸ்கோப் சோதிக்கிற பெண் வேறெங்கே இருக்கிறாள் என்று மேடை மேடையாகக் கேட்டேன். நிர்வாகம் எழுதிக் கொடுப்பதை வாசிக்கிற பொம்மையாக இருக்காதே, கண்ணால் பார்த்ததை அதிகாரி முகத்துக்கு நேரே சொல் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அப்படி வளர்த்தவனுக்கு இது கிடைத்தது.

சங்கு. கேட்டதா? வாருங்கள். செருப்பைப் பார்த்துப் போடுங்கள், அது எபினேசருடையது.

கூட்டம் சேர்ந்துவிட்டது பாருங்கள். முன் வரிசையில் நிற்கிறாள். நீலச் சட்டை, ஆலைச் சட்டை. ஒளிந்துகொள்ளத் தெரியாது. அந்தப் பக்கத்தில் நிற்பவர் எபினேசர், திருகுப் பிரிவு. இந்தப் பக்கம் மும்தாஜ், தேய்ப்புப் பிரிவு. இருவரும் சாட்சி. எங்கள் சங்கத்தில் நீக்குவதற்கு ஒரு முறை உண்டு. நான் எழுதிய விதி. இரண்டு பிரிவிலிருந்து இரண்டு சாட்சி இரு பக்கமும் நிற்க, நீக்கப்படுகிறவரின் பெயரைத் தகப்பன் பெயரோடு செயலாளர் உரக்க வாசிக்க வேண்டும். சாட்சிகள் 'கேட்டேன்' என்று சொல்ல வேண்டும். அத்தோடு சரி. அந்தப் பெயரை அதற்குப் பிறகு சங்க இடத்தில் ஒருவரும் வாயால் சொல்லக்கூடாது. தகப்பன் பெயர் எதற்கு என்றால், முன்பு ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள், குற்றமில்லாதவன் மேல் பழி விழுந்துவிட்டது.

கை தூக்கியாயிற்று. எண்ணியாயிற்று. தீர்மானம் நிறைவேறியது. நீங்களே பார்த்தீர்கள், பார்வையாளரே. தூக்காதவர்களும் இருந்தார்கள், பரவாயில்லை, அதுதான் ஜனநாயகம்.

எபினேசர், என்ன காதில் முணுமுணுக்கிறாய்? உரக்கச் சொல்.

"அண்ணே, அப்பா பேரை விட்ருங்கண்ணே. எல்லாருக்கும் தெரிஞ்ச புள்ளதான். பேரை மட்டும் வாசிங்க."

விதியை எழுதியவனுக்கு விதி சொல்கிறாயா? மேலாளரின் மருமகனை நீக்கியபோது தகப்பன் பெயரை வாசித்தேனா இல்லையா? என் வீட்டுக்கு மட்டும் பாதி விதியா? தள்ளி நில். சாட்சியாக நில்.

தோழர்களே! தீர்மானத்தின்படி...

மும்தாஜ், ஏன் தலையை ஆட்டுகிறாய்? கேட்கவில்லையா? வாசித்தேனே. வாசிக்கவில்லையா? மைக் சரியில்லை தோழர். நிர்வாகம் வாங்கிக் கொடுத்த மைக், பின் எப்படி இருக்கும்? என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. இந்தக் கேட்டில் எத்தனை வருடம் மைக் இல்லாமல் பேசியிருக்கிறேன். எடுங்கள் இதை, அந்தப் பக்கம் வையுங்கள். தண்ணீர் வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம். யார் கொடுத்தது இது? அவளா? அவளிடமே திருப்பிக் கொடு.

எபினேசர், அந்தப் பக்கம். மும்தாஜ், இந்தப் பக்கம். நேராக நில்லுங்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், இனி ஒருமுறை சொல்ல மாட்டேன்.

மணவழகன் அறிவுக்கொடி.